வீச்சும் எறிவும்

தமிழ் மொழியிலே வீசுதல் என்றும் எறிதல் என்றும் இரு சொற்கள் உள்ளன. கல்லை எறிகின்றோம், ஈட்டியை எறிகின்றோம். வாளையோ வீசுகின்றோம், கைகளை வீசி நடக்கின்றோம். எறியும்பொழுது முழங்கை மடங்கிப் பின்னர் விசையுடன் நிமிர்கின்றது. வீசும்பொழுது தோளை அச்சாகக் கொண்டு கை முழுவதும் ஒன்றாய்ச் சுழல்கின்றது. அன்றாடப் பேச்சில் இவ்விரு சொற்களையும் நாம் கலந்து வழங்குவதுண்டு. ஆயினும், உலகின் இரு பெரும் பந்தாட்டங்கள் இந்த வேறுபாட்டின்மீதே பிரிந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, நாம் நன்கறிந்த துடுப்பாட்டமாகிய கிரிக்கெட். மற்றொன்று, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெருந்தொழிலாய் வளர்ந்திருக்கும் பேஸ்போல்.

இந்த வேறுபாடு எங்கோ தொலைவில் நடக்கும் ஓர் ஆட்டத்தின் சட்ட நுணுக்கந்தானே என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. கண்டி மாநகரிலே பிறந்து வளர்ந்த ஒருவரின் முழங்கையைப் பற்றி உலகம் முழுவதும் பத்தாண்டுகளுக்கு மேலாக வழக்காடியது. அவ்வழக்கின் முடிவிலே கிரிக்கெட்டின் விதியே புதிதாய் எழுதப்பட்டது. வீச்சு எது, எறிவு எது, அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம் என்பதை விளங்கிக்கொண்டாலன்றி அவ்வழக்கின் நியாயம் நமக்குத் தெளிவாகாது.

முதலில் பேஸ்போல் ஆட்டத்தைச் சற்றே அறிந்துகொள்வோம். நம் நாட்டிலும் இவ்வாட்டம் ஓரளவு ஆடப்படுகின்றது. கொழும்புக்கு அப்பால் தியகம என்னுமிடத்தில் ஜப்பானியரின் உதவியோடு அமைந்த திடல் ஒன்றும் உண்டு. எனினும் கண்டிப் பக்கத்தார் பலர் இதனைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டிருப்பர். பந்தெறிவாளர் ஒரு சிறு மண்மேட்டின்மேல் நிற்பார். அவருக்கு எதிரே 60 அடி 6 அங்குலத் தொலைவிலே, அதாவது 18.44 மீற்றருக்கு அப்பால், தடியாளர் நிற்கும் இடத்தின் தளத்தட்டு இருக்கும். கிரிக்கெட்டிலே இரு விக்கெட்டுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 22 யார், அதாவது 20.12 மீற்றர். கிரிக்கெட் வீரர் ஓடிவந்து வீசுகின்றார். பேஸ்போல் வீரர் ஓடுவதில்லை. கிரிக்கெட்டிலே பந்து பெரும்பாலும் தரையிற் பட்டெழுந்து செல்லும். பேஸ்போலிலே தரையிற் படாமல் நேராகச் செல்லும்.

ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே எறிந்தும், பேஸ்போல் பந்தெறிவாளர் விடும் பந்து கிரிக்கெட்டின் மிக விரைவான பந்தையும் விஞ்சுகின்றது. 2003ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியிலே பாகிஸ்தானின் சொயிப் அக்தர் வீசிய பந்து மணிக்கு 161.3 கிலோமீற்றர் வேகமுடையதாயிருந்தது. 2010ஆம் ஆண்டிலே அரோல்டிஸ் சப்மன் என்னும் பேஸ்போல் வீரர் எறிந்த பந்தோ மணிக்கு 170 கிலோமீற்றரைத் தொட்டது. அத்தகைய பந்து தடியாளரை அடைவதற்கு ஏறக்குறைய அரைக்கால் நிமிடமா ஆகும்? இல்லை, அரை விநாடிகூட ஆவதில்லை.

இவ்வேகம் எங்கிருந்து வருகின்றது? முழங்கையின் மடிப்பிலிருந்தும் தோளின் சுழற்சியிலிருந்துமே வருகின்றது. பந்தெறிவாளர் ஒரு காலை முன்னே நீட்டி வைக்கும்பொழுது அவருடைய முழங்கை ஏறக்குறைய செங்கோணமாய் மடங்கியிருக்கும். முதலில் இடுப்பு திரும்பும். அதன்பின் மார்பு திரும்பும். முன்கை மட்டும் பின்தங்கிப் பின்புறமாய்ச் சாயும். பின்னர், சாட்டையின் நுனி சொடுக்குவதுபோல முழங்கை நிமிரத் தோள் உட்புறமாய்ச் சுழலப் பந்து விரல்களை விட்டுப் பறக்கும். முழங்கை நிமிரும் வேகம் விநாடிக்கு 2,000 பாகைக்கு மேற்பட்டது என்று உடலியக்க ஆய்வாளர் அளந்துள்ளனர். இந்த நிமிர்வைத்தான் கிரிக்கெட் விலக்குகின்றது, பேஸ்போல் ஏற்றுக்கொள்கின்றது.

ஆனால் பேஸ்போலும் தொடக்கத்திலே இதனை விலக்கியே இருந்தது. 1845ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரின் நிக்கபொக்கர் கழகத்தார் எழுதிய விதிகளின்படி, பந்தைக் கீழ்க்கையாய் இடவேண்டுமேயன்றி எறிதல் கூடாது. எனினும் எறிவோர் சிறிது சிறிதாக மணிக்கட்டைச் சொடுக்கினர், கையை உயர்த்தினர், நடுவர்கள் தடுத்துப் பார்த்தனர். ஈற்றில் 1884ஆம் ஆண்டிலே தேசிய லீக் என்னும் தொழின்முறைச் சங்கம் மேற்கையாய் எறிவதற்கு இடங்கொடுத்தது. கையைக் கட்டிவைத்த கயிறு அன்றோடு அவிழ்ந்தது.

கிரிக்கெட்டும் அதே பாதையிற் பாதித்தூரம் வந்தது. கீழ்க்கையாய் வீசிய காலம் போய்த் தோளளவில் வீசும் காலம் வந்தது. 1862ஆம் ஆண்டிலே இலண்டன் ஓவல் திடலில் எட்கார் வில்ஷர் என்பார் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி வீசினார். நடுவர் ஜோன் லில்லிவைட் அவருடைய பந்துகளை அடுத்தடுத்து 'நோபோல்', அதாவது முறையற்ற பந்து, என்று கூவினார். வில்ஷரும் அவரோடு ஆடிய தொழின்முறை வீரர்களும் திடலைவிட்டு வெளியேறினர். இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1864இல், கையை எவ்வளவு உயரத்துக்கும் தூக்கி வீசலாம் என்று விதி மாறியது. கை உயரலாம் என்று கூறிய கிரிக்கெட், முழங்கை நிமிரலாம் என்று மட்டும் கூறவில்லை. இவ்விடத்திலேதான் இரு ஆட்டங்களும் பிரிந்தன.

கிரிக்கெட் விதி கூறுவது யாது? பந்து வீசும் கை தோள்மட்டத்தை அடைந்த கணத்திலிருந்து, பந்து கையை விட்டு நீங்கும் வரை, முழங்கை மூட்டு நிமிரலாகாது. மணிக்கட்டை மடக்குவதற்கும் திருப்புவதற்கும் தடையில்லை. விதியின் சொற்களைக் கூர்ந்து நோக்குக. கை மடங்கியிருப்பது குற்றமன்று; மடங்கிய கை நிமிர்வதே குற்றம். தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவாய் மடங்கியிருக்கும் கை, கண்ணுக்கு எத்துணைக் கோணலாய்த் தோன்றினும், விதிக்கு உட்பட்டதே. திடலோரத்திலும் தேநீர்க் கடைகளிலும் நடந்த வாக்குவாதங்களிலே பெரும்பாலோர் மறந்துவிட்ட செய்தி இதுவே.

இனிக் கண்டிக்கு வருவோம். முத்தையா முரளிதரன் 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் கண்டியிலே பிறந்தார். தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்திற்கு வேலை தேடி வந்த குடும்பத்தின் வழித்தோன்றல் அவர். தந்தையார் பிஸ்கற் உற்பத்தித் தொழில் நடத்தியவர். கட்டுகஸ்தோட்டையிலுள்ள புனித அந்தோனியார் கல்லூரியிலே பயின்றபொழுது அவர் முதலில் மிதவேகப் பந்தே வீசினார். அவருக்கு 14 வயதானபோது பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்கு மாறுமாறு அறிவுறுத்தினார். அவ்வறிவுரை இலங்கைக் கிரிக்கெட்டின் வரலாற்றையே மாற்றியது எனலாம். 1992 ஓகஸ்ட் மாதம் கொழும்பிலே அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் தம் முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார்.

அவருடைய வலக்கை பிறவியிலேயே முழுவதும் நிமிராத அமைப்புடையது. முழங்கையை எவ்வளவு முயன்று நீட்டினும் ஒரு மடிப்பு எஞ்சியே நிற்கும். அத்துடன், மணிக்கட்டு பிறருக்கு அமையாத அளவுக்குச் சுழலும். தோள்மூட்டும் மிக விரைவாய்த் திரும்பும். இம்மூன்றும் சேர்ந்ததால் அவருடைய பந்து தரையிற் பட்டதும் பெரிதும் திரும்பியது. இம்மூன்றும் சேர்ந்ததாலேயே அவர் எறிகின்றார் என்ற ஐயமும் எழுந்தது.

1995 டிசெம்பர் 26ஆம் நாள். மெல்போர்ன் திடலிலே பெருந்திரளான மக்கள் பார்த்திருக்க, நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களுள் முரளிதரனின் ஏழு பந்துகளை முறையற்றவை என்று அறிவித்தார். அதே நாளில் நிகழ்ந்த மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளிதரனை மறு முனைக்கு மாற்றினார். அங்கு நின்ற நடுவர் ஸ்டீவ் டன் அவருடைய பந்துகளிற் குற்றம் காணவில்லை. அதே நாள், அதே திடல், அதே கை, தீர்ப்புக்களோ இரண்டு. சில நாட்களின் பின், 1996 ஜனவரியிலே, பிரிஸ்பேன் நகரில் ரொஸ் எமர்சன் என்னும் நடுவர் அவரைத் தடுத்தார். 1999 ஜனவரியிலே அடிலெயிட்டில் அதே எமர்சன் மீண்டும் தடுத்தபொழுது, ரணதுங்க தம் அணியினரைத் திடலின் எல்லைக்கோட்டுக்கு அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்தினார். 1862இல் வில்ஷருக்காக அவர் தோழர்கள் திடலைவிட்டு வெளியேறியது நினைவுக்கு வருகின்றதல்லவா? உள்நாட்டுப் போர் மூண்டிருந்த அக்காலத்திலே, சிங்களத் தலைவர் ஒருவர் தம் தமிழ்த் தோழருக்காக உலகின்முன் நின்று வாதாடிய அக்காட்சியை இந்நாட்டு மக்கள் எளிதில் மறவார்.

நடுவர்கள் வேண்டுமென்றே பொய்யுரைத்தனர் என்று நாம் கூற வேண்டியதில்லை. அவர்கள் கண்டதையே கூறினர். கண்டது மெய்தானா என்பதே வினா. இதனைத் தோட்டப்புறத்து நேயர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வளைந்த கத்தியை எடுத்து மாலை வெயிலிலே லயத்துச் சுவரின்முன் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். சுவரில் விழும் நிழல் ஒரு கணம் நன்றாய் வளைந்து தோன்றும்; மறுகணம் நேர்கோடாய்த் தோன்றும். கத்தி நிமிரவேயில்லை. அது திரும்பியது, நிழல் நிமிர்ந்தது. ஓரிடத்தில் நின்று பார்க்கும் கண்ணும் ஒற்றை ஒளிப்படக் கருவியும் அச்சுவரை ஒத்தவையே. மூன்று திசைகளிலே நிகழும் அசைவை அவை ஒரு தளத்தில் விழுந்த நிழலாகவே காண்கின்றன. மடங்கிய கை விரைவாய்ச் சுழலும்பொழுது நிமிர்வதுபோலத் தோன்றுதல் இயல்பே.

1996ஆம் ஆண்டிலே மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் நிகழ்ந்த ஆய்வுகள் இவ்வுண்மையையே கூறின. எறிவது போன்ற தோற்றம் கண்ணின் மயக்கம் என்பது அவற்றின் முடிவு. ஆய்வுமுறையும் அறியத்தக்கது. தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றிலே ஒளியைத் திருப்பும் சிறு குறிகளை ஒட்டுவர். சுற்றிலும் பல அதிவேகக் கருவிகளை நிறுத்திப் படம்பிடிப்பர். ஒவ்வொரு குறியும் வெளியில் எவ்விடத்தில் இருந்தது என்பதைக் கணனி கணித்துத் தரும். அதிலிருந்து முழங்கையின் கோணம் ஒவ்வொரு கணத்திலும் எவ்வளவு மாறியது என்பது தெரியவரும். இங்கே நிழலுக்கு இடமில்லை.

2004ஆம் ஆண்டிலே புதிய வழக்கொன்று தோன்றியது. சுழற்பந்து வழமைக்கு மாறான திசையிலே திரும்பும் 'தூஸ்ரா' என்னும் பந்தை முரளிதரன் வீசும்பொழுது முழங்கை நிமிர்கின்றது என்று போட்டி மத்தியஸ்தர் கிறிஸ் புறோட் முறையிட்டார். அளந்து பார்த்தபொழுது முதலில் 14 பாகை நிமிர்வு காணப்பட்டது. பயிற்சியின் பின் அது ஏறக்குறைய 10 பாகையாய்க் குறைந்தது. அந்நாளில் சுழற்பந்து வீச்சாளருக்கு 5 பாகையும், மிதவேகத்தினருக்கு 7.5 பாகையும், வேகப்பந்து வீச்சாளருக்கு 10 பாகையும் எல்லைகளாய் இருந்தன. எனவே அவர் அப்பந்தை வீசுதல் கூடாதென்று தடைப்பட்டார். அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவாட் அவரை எறிபவர் என்றே வெளிப்படையாய்ச் சொன்னார். அவ்வாண்டு அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்திலே முரளிதரன் கலந்துகொள்ளவில்லை. முழங்கை நிமிர இயலாதவாறு கவசமிட்டுத் தம் பந்துகளை வீசிக்காட்டி, அதனைப் படம்பிடிக்கவும் செய்தார்.

அப்போதுதான் சர்வதேச கிரிக்கெட் சபை கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டது. ஒருவருடைய கையை மட்டும் அளந்தால் போதுமா? மற்றையோரின் கைகள் எவ்வாறு உள்ளன? 2004இல் இங்கிலாந்தில் நடைபெற்ற சாம்பியன்ஸ் கிண்ணப் போட்டியிலே பந்துவீச்சாளர்களை அதிவேகக் கருவிகளாற் படம்பிடித்து ஆராய்ந்தனர். நேரான கையுடையோர் என்று உலகம் போற்றியவர்களுட்பட, ஏறக்குறைய எல்லோருடைய முழங்கையும் ஓரளவு நிமிர்வது தெரியவந்தது. விதியின் சொல்லை அவ்வாறே பிடித்தால், வீசுவதற்கு உலகில் ஆளே இருக்கமாட்டார்! ஆகவே, முன்னாள் வீரர்களும் உடலியக்க அறிஞர்களும் கூடி ஆராய்ந்து, எல்லோருக்கும் 15 பாகை என்று ஒரே எல்லையை வகுத்தனர். 2005 மார்ச் முதலாம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 15 என்ற எண் ஏன்? அவ்வளவு நிமிர்ந்தால்தான் எறிவு வெறுங் கண்ணுக்குப் புலனாகத் தொடங்குகின்றது என்பதே காரணம்.

ஒருவருக்காக விதியை வளைத்தார்கள் என்று கூறுவோர் இன்றும் உளர். அவர்கள் கூற்றை எளிதாய்த் தள்ளிவிடலாகாது. முரளிதரனுடைய வழக்கு எழாவிடின் இவ்வாய்வு அப்போது நடந்திராது என்பது உண்மையே. ஆனால், வழக்கொன்று எழுந்ததாலே விதியின் குறை வெளிப்பட்டது என்பதற்காக, திருத்தம் தவறாகிவிடுமா? முன்பிருந்த விதி வேகப்பந்து வீச்சாளருக்கு இரட்டிப்புச் சலுகை தந்து, கண்ணுக்கு நேராய்த் தோன்றியவர்களைச் சோதியாமலே விட்டிருந்தது. புதிய விதி எல்லோரையும் ஒரே கோலால் அளக்கின்றது. அக்கோல் இலங்கையரையும் விட்டுவைக்கவில்லை. 2014இலே பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் தடுக்கப்பட்டார்; அதே ஆண்டில் நம் நாட்டுச் சுழற்பந்து வீச்சாளர் சச்சித்ர சேனாநாயக்கவும் தடுக்கப்பட்டு, வீச்சைத் திருத்திக்கொண்டு மீண்டார். அவ்வாண்டிலே இத்தகைய சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற கூடங்களுள் சென்னையிலுள்ள ஸ்ரீ இராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் கூடமும் ஒன்று.

பேஸ்போல் தெரிந்தெடுத்த வழியே எளியதன்றோ, எவரும் எப்படியும் எறியட்டும் என்று விட்டுவிட்டால் வழக்கே இல்லையே என்று சிலர் வினவலாம். அவ்வழிக்கும் விலையுண்டு. அவ்விலையைக் கொடுப்பது எறிபவருடைய முழங்கையே. மூட்டின் உட்புறத்துத் தசைநார் ஒவ்வோர் எறிவிலும் பெரும் இழுவிசையைத் தாங்குகின்றது. தாங்கித் தாங்கி ஈற்றில் அறுகின்றது. 1974ஆம் ஆண்டிலே டொமி ஜோன் என்னும் பந்தெறிவாளருக்கு மருத்துவர் பிராங்க் ஜோப் உடலின் வேறிடத்து நாரை எடுத்து முழங்கையிற் பொருத்தினார். 1976இல் திடலுக்கு மீண்ட அவ்வீரர் 1989 வரை எறிந்து, சிகிச்சைக்குப் பின் மட்டும் 164 வெற்றிகள் ஈட்டினார். இன்று அச்சிகிச்சை அவர் பெயராலேயே வழங்குகின்றது. 2023இல் பத்தாண்டுக்கு 70 கோடி டொலர் என்று ஒப்பந்தம் பெற்ற ஜப்பானியர் ஷோஹெய் ஓட்டானியும் 2018இல் இச்சிகிச்சைக்கு உட்பட்டவரே. அதனாற்றான் அமெரிக்கத் தொழின்முறைக் கழகங்கள் பந்தெறிவாளர் எறியும் ஒவ்வொரு பந்தையும் எண்ணுகின்றன. ஓராட்டத்தைத் தொடங்கி எறிந்தவருக்கு நாலைந்து நாள் ஓய்வளிக்கின்றன. ஓர் ஆட்டம் கையை விடுவித்து எண்ணிக்கையால் அதனைக் காக்கின்றது. மற்றோர் ஆட்டம் கோணத்தை வரையறுத்துத் தன் தனித்தன்மையைக் காக்கின்றது.

இச்செய்தியிலே கண்டி, மாத்தளை, நுவரெலியாப் பகுதிப் பாடசாலைப் பயிற்றுநர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படுவன சில உண்டு. ஒரு சிறுவனின் கை கோணலாய்த் தோன்றினால் உடனே எறிகாரன் என்று பெயர் சூட்டிவிடாதீர்கள்; அப்பெயர் பந்தைவிட விரைவாய்ப் பரவும். கைப்பேசியிலே மெதுவாய் ஓடும் படம் ஒன்றை ஒரு பக்கத்திலிருந்து எடுத்துத் தீர்ப்புக் கூறவும் வேண்டா. அதுவும் சுவரில் விழுந்த நிழலே. முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பின்னிருந்தும் படம்பிடித்து ஒப்பிடுங்கள். கையை நிமிரவிட்டு வாசியாய் நிறுத்தி, முழங்கை முழுவதும் நீள்கின்றதா என்று முதலிற் பாருங்கள். மெய்யாகவே நிமிர்வு மிகுந்திருந்தால் இளமையிலேயே திருத்துங்கள். பிற்காலத்திலே திருத்துதல் எளிதன்று. மேலும், எல்லைக்கோட்டிலிருந்து பந்தைத் திருப்பி எறியும் களத்தடுப்பாளர் செய்வது பேஸ்போல் எறிவேயாகும். அவுஸ்திரேலிய அணி களத்தடுப்பைக் கற்பிக்க மைக் யங் என்னும் பேஸ்போல் பயிற்றுநரை அமர்த்தியதும் இதனாலேயே. ஆகையால், ஒரே பயிற்சியில் நூற்றுக்கணக்காய் எறியச் சொல்லிப் பிஞ்சுக் கைகளை வருத்துதல் கூடாது.

2007 டிசெம்பர் 3ஆம் நாள் கண்டி அஸ்கிரிய திடலிலே இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை முரளிதரன் வீழ்த்தினார். அது அவருடைய 709ஆவது டெஸ்ட் விக்கெட். அதனால் அவுஸ்திரேலியாவின் ஷேன் வோர்ன் அந்நாளில் எட்டியிருந்த 708 பின்தங்கியது. குன்றை வெட்டி அமைத்த அத்திடலில் மட்டும் அவர் 117 விக்கெட்டுகளைக் கைப்பற்றியுள்ளார். 2010 ஜூலையிலே காலியில் 800ஆவது விக்கெட்டுடன் அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். இப்பெருந்தொகையை ஏற்க மனமில்லாதோர் அன்றும் இருந்தனர்; இன்றும் இருக்கின்றனர். ஆனால் அவருடைய முழங்கையைப்போல அளக்கப்பட்ட முழங்கை கிரிக்கெட்டில் வேறில்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். விசாரிக்கப் புகுந்தவர்கள் ஒருவர் கையோடு நின்றுவிடாமல் எல்லோருடைய கையையும் அளந்தார்கள். அப்பொழுதே விதி நேராயிற்று. பந்தாட்டத்திலே மட்டுமன்றி, ஒரு மனிதனுடைய தொழிலும் மானமும் ஒருவர் கண்ணின் தீர்ப்பிலே தங்கியிருக்கும் எவ்விடத்திலும் நாம் கடைப்பிடிக்க வேண்டிய முறை இதுவே.